தரிசு நிலமா? – ஒரு டென்மார்க் இளைஞனின் மூன்று வருட ஃபீல்டு நோட்டு

"சிவில் பசங்க யாருமே மலருக்குக் கட்டுரை தர்றதில்லை" என்று மலர்க்குழு நண்பர்கள் ஹாஸ்டல் அறைக்கே வந்து குறைபட்டுக் கொண்டார்கள். கவிதை எழுத எனக்கு வராது. சிமெண்ட் பற்றி எழுதினால் நம் துறைக்காரர்களே படிக்க மாட்டார்கள். எனவே, கொஞ்ச நாளாக மனதில் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு விஷயத்தை எழுதுகிறேன். பாட்டனி மாதிரி இருக்கிறதே என்று பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள் நண்பர்களே. இது ஆரம்பித்தது நம்முடைய சர்வே கேம்ப்பில்தான்.

ஊருக்கு வெளியே ஒரு மேட்டு நிலத்தை எங்கள் பேட்சுக்குக் கொடுத்திருந்தார்கள். பத்து மீட்டர் கிரிட் போட்டு, லெவல் எடுத்து, கான்டூர் வரைய வேண்டும். ஷீட்டில் கிணறு, வண்டிப்பாதை, வரப்பு, பனைமரம் எல்லாவற்றுக்கும் சிம்பல் போட்டாயிற்று. நடுவில் பெரிதாக ஒரு பகுதி மிச்சம். முள், புதர், காய்ந்த புல். ஸ்டாஃப் பிடித்த நண்பன் காலெல்லாம் கீறிக்கொண்டு திட்டியது மட்டும்தான் அந்த இடத்தைப் பற்றி எங்களுக்கு ஞாபகம். நான் அங்கே 'தரிசு' என்று அழகாக எழுதி வைத்தேன். ஷீட்டைத் திருத்திய விரிவுரையாளர் அந்த ஒரு வார்த்தையை மட்டும் சிவப்பு மையால் சுழித்தார். "இது தரிசுன்னு யார் சொன்னா?" என்றார். "பார்த்தாலே தெரியுதே சார்" என்றேன். "எவ்வளவு நேரம் பார்த்தே?" என்று கேட்டுவிட்டு அடுத்த ஷீட்டை எடுத்துக்கொண்டார்.

அந்தக் கேள்வி எனக்குள் முள்ளாகத் தங்கிவிட்டது. லீவில் வீட்டுக்குப் போனபோது அக்காவின் பி.எஸ்ஸி. தாவரவியல் புத்தகத்தைச் சும்மா புரட்டினேன். "தாவரச் சூழலியலைத் தோற்றுவித்தவர்களில் ஒருவர் வார்மிங்" என்று ஒரே ஒரு வரி இருந்தது. "இவரு என்னக்கா பண்ணாரு?" என்று கேட்டேன். "பரீட்சைக்கு அவ்வளவுதான் வேணும்" என்றாள். அவள் மேல் தப்பில்லை. நாம் மட்டும் என்ன, டார்சி லாவைத் தெரிந்த அளவுக்கு டார்சியைத் தெரியுமா? ஆனால் எனக்கு ஒரு வரி போதவில்லை. தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க, இது நம்மைப் போல இருபத்தோரு வயதில் ஒருவன் ஒரு 'தரிசை' மூன்று வருஷம் பார்த்த கதை என்று தெரிந்தது.

யூஜீனியஸ் வார்மிங் பிறந்தது 1841-இல், டென்மார்க்கின் மேற்குக் கரையோரம் உள்ள மாண்டோ என்ற குட்டித் தீவில். அப்பா பாதிரியார்; மகன் சிறுவனாக இருக்கும்போதே இறந்துவிட்டார். கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு வேலை வாய்ப்பு வந்தது. பிரேசில் நாட்டின் உள்பகுதியில், மினாஸ் ஜெராய்ஸ் மாகாணத்தில், லாகோவா சாண்டா என்ற சிற்றூரில் பீட்டர் வில்ஹெல்ம் லுண்ட் என்ற டேனிஷ் விஞ்ஞானி இருந்தார். அவருக்கு ஒரு செயலாளர் வேண்டும். படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு, 1863-இல் வார்மிங் கப்பலேறினார்.

லுண்ட் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். லாகோவா சாண்டாவைச் சுற்றிச் சுண்ணாம்புக்கல் குகைகள் ஏராளம். அவற்றுக்குள் இறங்கி, அழிந்துபோன ராட்சத மிருகங்களின் எலும்புகளைத் தோண்டி எடுத்து, உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தவர் அவர். 1840-களின் நடுவில் திடீரென்று தோண்டுவதை நிறுத்திவிட்டார். சேகரித்த எலும்புகளை டென்மார்க்குக்கு அனுப்பினார். தான் மட்டும் போகவில்லை. அவரோடு இருந்து படம் வரைந்து கொடுத்த பிராண்ட் என்ற நார்வேக்காரர் 1862-இல் காலமானார். அந்தத் தனிமை வீட்டுக்குத்தான் நம் இளைஞர் போய்ச் சேர்ந்தார். சம்பளம் செயலாளர் வேலைக்கு. செடி சேகரித்தது மிச்ச நேரத்தில்.

ஊரைச் சுற்றி என்ன இருந்தது? அமேசான் காடு என்று நினைத்துவிடாதீர்கள். அது வெகு தூரம். இங்கே இருந்தது செராடோ. வெப்பமண்டலப் புல்வெளியும் குட்டை மரங்களும் கலந்த நிலம். ஆங்கிலத்தில் சவன்னா என்கிறார்களே, அந்த வகை. பிரேசிலில் சுமார் 20 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பு. மரங்கள் ஒன்றுகூட நேராக நிற்காது. முறுக்கிக்கொண்டும் கோணிக்கொண்டும் வளர்ந்திருக்கும். பட்டை கார்க் மாதிரி தடிப்பாக, வெடித்து இருக்கும். இலை தோல் போல விறைப்பு. மே முதல் செப்டம்பர் வரை மழை கிடையாது. அந்த மாதங்களில் புல் காய்ந்து பழுப்பாகும். ஆங்காங்கே தீ ஓடும். அந்த ஊர் ஜனங்கள் இதைத் தரம் பிரித்துப் பெயர் வைத்திருந்தார்கள். மரமே இல்லாத புல்வெளி 'சுத்தமான வெளி'. புதர் கலந்தது 'அழுக்கு வெளி'. மரம் நெருங்கி அடைத்துக்கொண்டால் 'செராடோ'. அந்தச் சொல்லுக்கே 'அடைபட்டது' என்றுதான் பொருள். படித்தவர்கள் வகைப்படுத்துவதற்கு முன்பே மாடு மேய்த்தவர்கள் வகைப்படுத்திவிட்டார்கள் என்பதைக் கவனியுங்கள்.

வார்மிங்குக்கு முன்பு செடி சேகரிக்கப் போனவர்கள் இல்லையா? நிறைய பேர். ஹம்போல்ட் 1800-லேயே வெனிசுவேலாவின் புல்வெளிகளைக் கடந்தவர். தட்பவெப்பத்துக்கும் தாவரங்களின் தோற்றத்துக்கும் உள்ள உறவைப் பற்றி முதலில் பெரிதாகப் பேசியவரும் அவர்தான். ஆனால் பெரும்பாலான யாத்திரைகள் ஒரே மாதிரி. கோவேறு கழுதை மேல் மூட்டை, இன்றைக்கு இந்த ஊர், நாளைக்கு அடுத்த ஊர். பூத்திருக்கும் செடியைப் பறித்து, காகிதத்தில் அழுத்தி, பெயர் ஒட்டினால் வேலை முடிந்தது. பூக்காத செடி கண்ணில் படாது. அந்தச் செடி ஜூலையில் எப்படி இருந்தது, தீக்குப் பிறகு என்ன ஆனது, பக்கத்தில் எது வளர்ந்தது என்பதெல்லாம் யாருக்கும் தெரியாது. அவர்கள்தான் அடுத்த ஊருக்குப் போய்விட்டார்களே!

வார்மிங்கால் அப்படிப் போக முடியவில்லை. லுண்டின் வீட்டுக் கதவைச் சுற்றியே அவர் வாழ்க்கை. 1866 வரை மூன்று வருஷமும் ஏறக்குறைய அந்த ஒரே வட்டாரம். வேறு வழியில்லாமல், அதே செடிகளை மழையிலும் வெயிலிலும் திரும்பத் திரும்பப் பார்த்தார். எது காட்டோரம், எது வெட்டவெளி, எது ஏரிக்கரை, எது சுண்ணாம்புப் பாறை. எந்த மாதம் துளிர், எந்த மாதம் பூ. தீ ஓடிய பிறகு எது முதலில் எழுந்தது என்று எழுதி வைத்தார். நம் பாஷையில் சொன்னால், மற்றவர்கள் ஒரு ஸ்டேஷனில் ஒரு ரீடிங் எடுத்துவிட்டுக் கிளம்பினார்கள். இவர் ஒரே ஸ்டேஷனில் உட்கார்ந்து மூன்று வருஷம் ரீடிங் எடுத்தார். இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். பெரிய கருவி எதுவும் இல்லை. ஊரை விட்டு நகர முடியாத ஒரு உத்தியோகம், அவ்வளவுதான்.

1866-இல் ஊர் திரும்பினார். அதே 1866-இல் ஜெர்மனியில் எர்ன்ஸ்ட் ஹெக்கல் ஒரு புத்தகத்தில் 'ஈக்காலஜி' என்ற சொல்லை முதன்முதலாக உருவாக்கினார். சொல் ஒரு பக்கம் பிறந்தது, பொருள் இன்னொரு பக்கம் மூட்டை கட்டப்பட்டுக் கப்பலில் வந்துகொண்டிருந்தது! இரண்டும் சந்திக்க இன்னும் முப்பது வருஷம் ஆயிற்று.

ஏன் அத்தனை தாமதம்? கொண்டுவந்த செடிகளுக்கு முதலில் பெயர் தெரிய வேண்டுமே. அவற்றைக் குடும்பம் குடும்பமாகப் பிரித்து, ஐம்பதுக்கும் மேற்பட்ட நிபுணர்களிடம் பகிர்ந்து கொடுத்தார். முடிவுகள் 1867 முதல் 1893 வரை பகுதி பகுதியாக வெளிவந்தன. அந்தச் சின்ன வட்டாரத்திலிருந்து மட்டும் சுமார் 2,600 இனங்கள். அவற்றில் ஏறக்குறைய 370 அதுவரை அறிவியலுக்கே தெரியாதவை. 'தரிசு' என்று நான் எழுதியிருக்கக்கூடிய இடம் அது.

இடையில் அவர் சும்மா இருக்கவில்லை. டாக்டர் பட்டம், ஸ்டாக்ஹோமில் பேராசிரியர் பதவி, 1884-இல் கிரீன்லாந்துப் பயணம், 1885-இல் கோபன்ஹேகனில் பேராசிரியர். பனிப்பிரதேசத்தையும் பார்த்துவிட்டு மறுபடி தன் பழைய பிரேசில் குறிப்புகளுக்குத் திரும்பினார். 1892-இல் 'லாகோவா சாண்டா' என்ற நூல் வந்தது. ஊர் திரும்பி 26 வருஷம் கழித்து! ஒரு குறிப்பிட்ட வெப்பமண்டல இடத்தின் மண், மழை, காடு, வெளி, ஏரி, தீ, செடிகளின் உடலமைப்பு எல்லாவற்றையும் ஒன்றோடொன்று இணைத்துச் சொன்ன நூல். டேனிஷ் மொழியில் இருந்ததால் உலகம் அதிகம் படிக்கவில்லை.

மூன்று வருஷம் கழித்து, 1895-இல், தன் வகுப்புப் பாடங்களிலிருந்து 'தாவரச் சமூகங்கள்' என்ற பாடநூலை எழுதினார். இதுதான் மாற்றத்தின் இடம். அதுவரை தாவரவியலார் "இந்த இனம் எந்த நாட்டில் இருக்கிறது?" என்று கேட்டுப் பட்டியல் போட்டார்கள். வார்மிங் கேள்வியையே மாற்றினார். இந்த இனம் ஏன் இந்த மாதிரி இடத்தில் மட்டும் வளர்கிறது? ஏன் சில இனங்கள் எப்போதும் கூட்டமாகச் சேர்ந்தே வருகின்றன? அந்தக் கூட்டத்துக்கு ஏன் இந்த உருவம்? விடை தேட அவர் எடுத்துக்கொண்ட முக்கியமான அளவுகோல் தண்ணீர். நீர்த்தாவரம், வறட்சித் தாவரம், உப்புநிலத் தாவரம், நடுத்தரம் என்று நான்காகப் பிரித்தார். நாட்டின் பெயர் முக்கியமில்லை; இனத்தின் பெயர்கூட இரண்டாம் பட்சம். பிரேசிலிலும் கிரீன்லாந்திலும் செடிகள் வேறு. அவை சமாளிக்க வேண்டிய சிக்கல் ஒன்றாக இருந்தால் உருவமும் ஒத்துப்போகும். ஹெக்கலின் சொல் அந்த நூலின் துணைத்தலைப்பில் ஏறியது.

1896-இல் ஜெர்மன் மொழிபெயர்ப்பு வந்ததும் விஷயம் பற்றிக்கொண்டது. இங்கிலாந்தில் டான்ஸ்லி அதைப் படித்துவிட்டு, தன் நாட்டில் எந்தெந்தத் தாவரச் சமூகங்கள் உண்டு என்று தேடக் கிளம்பினார். அமெரிக்காவில் மிச்சிகன் ஏரிக்கரை மணல்மேடுகளை ஆராய்ந்த கௌல்ஸ், வார்மிங்கைப் படிப்பதற்காகவே டேனிஷ் கற்றுக்கொண்டாராம். இப்படித்தான் தாவரச் சூழலியல் ஒரு தனிப் பாடமாயிற்று.

சரி, பெரிய மனிதரின் பெருமை பேசி முடித்துவிடலாம் என்றால், கதை இங்கேதான் சூடுபிடிக்கிறது. வார்மிங் ஒரு முக்கியமான விஷயத்தில் தவறிவிட்டார்.

செராடோ ஏன் காடாக இல்லை? இதற்கு லுண்ட் 1835-லேயே ஒரு விடை சொல்லியிருந்தார். இது முன்பு காடு; மனிதர்கள் திரும்பத் திரும்பத் தீ வைத்ததால் இப்படி ஆகிவிட்டது என்பது அவர் கருத்து. வார்மிங் அதை ஏற்கவில்லை. தீ இந்த நிலத்தின் தோற்றத்தைக் கொஞ்சம் மாற்றியிருக்கலாம்; ஆனால் இது கெட்டுப்போன காடு அல்ல, இதற்கென்று தனிச் செடிகளும் தனி இயல்பும் உள்ள நிலம் என்றார். அதை அவர் நூலாக எழுதியபோது லுண்ட் காலமாகி 12 வருஷம் ஆகியிருந்தது. அதுவரை சரி. ஆனால் காரணமாக அவர் காட்டியது வறட்சி. விறைப்பான இலை, தடித்த பட்டை, நீண்ட கோடை இருக்கிறதே; அப்படியானால் இவை தண்ணீர் கிடைக்காமல் தவிக்கும் செடிகள்தான் என்று முடிவு கட்டினார். பார்வைக்கு அப்படித்தான் இருக்கும். நானாக இருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன்.

இந்த இடத்தில்தான் சிவில்காரர்களாகிய நமக்கு மரியாதை! விடை மண்ணுக்குள் இருந்தது. சாவோ பாவ்லோ பல்கலைக்கழகத்துக்கு வந்த ஜெர்மானியர் ஃபெலிக்ஸ் ரவிச்சரும் அவருடைய மாணவர்களும் 1940-களின் தொடக்கத்தில், பிராசுனுங்கா அருகே எமாஸ் என்ற செராடோவில் குழி தோண்டினார்கள். நாம் டிரையல் பிட் போட்டு, ஆழத்துக்கு ஆழம் மண் எடுத்து, ஓவனில் உலர்த்தி ஈரப்பதம் கண்டுபிடிக்கிறோமே, கிட்டத்தட்ட அதே கேள்விதான். மேலே இரண்டு மீட்டர் கோடையில் காய்ந்து கிடந்தது உண்மை. அதற்குக் கீழே? கோடை முடிவிலும் ஈரம். நிலத்தடி நீர் சுமார் 18 மீட்டரில். மரங்களின் வேர்கள் அந்த ஈரத்துக்குள் இறங்கி உட்கார்ந்திருந்தன. அவர் மாணவர் ஃபெர்ரி, இலையைப் பறித்து உடனுக்குடன் எடை பார்த்து, எவ்வளவு நீர் ஆவியாகிறது என்று அளந்து 1944-இல் வெளியிட்டார். பல மரங்கள் நடுக்கோடையிலும் இலைத்துளைகளை நாள் முழுக்கத் திறந்தே வைத்திருந்தன. தண்ணீருக்குத் தவிப்பவன் குடத்தைத் திறந்து போடுவானா? செராடோவில் பல மரங்கள் மழைக்கு முன்பே துளிர்ப்பதற்கும் இப்போது அர்த்தம் புரிந்தது.

அப்படியானால் இலை ஏன் விறைப்பு? அடுத்த விடையும் மண்ணில்தான். 1950-களில் பிரேசிலில் மண்ணை ஆராய்ந்தவர்கள் அது மிகவும் சத்தற்ற மண் என்று காட்டினார்கள். ஒளியும் நீரும் போதுமான அளவு கிடைப்பதால் செடி மாவுப்பொருள் தயாரித்துக்கொண்டே இருக்கிறது. ஆனால் புது உயிரணுக்கள் கட்டத் தேவையான தழைச்சத்தும் மணிச்சத்தும் இல்லை. மிஞ்சிய கரிமம் தடித்த சுவர்களாக, தோல் போன்ற இலையாகப் போய்ச் சேருகிறது என்று 1958-இல் ஆரென்ஸ் விளக்கினார். பிறகு மண்ணின் அமிலத்தன்மையும் அலுமினியமும் கணக்கில் சேர்ந்தன. செங்கல்லும் ஆளும் தாராளம், சிமெண்ட் மட்டும் பற்றாக்குறை என்றால் கட்டடம் எப்படி இருக்கும்? அது போலத்தான்.

தீயின் கதையும் முடியவில்லை. செராடோவில் பல செடிகளின் கட்டைப் பகுதி மண்ணுக்கடியில் இருக்கிறது. மரம் என்று சொல்லத்தக்க உடம்பு கீழே. மேலே முழங்கால் உயரத் தளிர். தீ மேலே ஓடிப்போகும். சில வாரங்களில் கருகிய தரையிலிருந்து பூக்கள் வரும். தீயைத் தாங்கும் இந்த இனங்கள் எப்போது தோன்றின என்று மரபணுவை வைத்துக் கணக்கிட்டு 2009-இல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. ஒரு கோடி வருஷத்துக்குள், பெரும்பாலும் 40 லட்சம் வருஷத்துக்குள் என்று விடை வந்தது. அமெரிக்கக் கண்டத்தில் மனிதன் கால் வைப்பதற்கு எவ்வளவோ முன்பு! ஆக, மனிதன் தீ வைத்துக் காட்டைக் கெடுத்துவிட்டான் என்ற லுண்டின் கணக்கு நிற்கவில்லை. தீ பெரிய விஷயம் இல்லை என்ற வார்மிங்கின் கணக்கும் முழுதாக நிற்கவில்லை. தீயைப் பல வருஷம் தடுத்த இடங்களில் மரம் நெருங்கிக்கொண்டு வருவதையும் பார்க்கிறார்கள் என்பதால், லுண்டுக்கும் கொஞ்சம் மார்க் போட வேண்டும்.

இன்னொரு பிழையும் உண்டு. ஒரு செடி தன் வாழ்நாளில் சூழலுக்கு ஏற்ப மாற்றிக்கொண்டது அதன் சந்ததிக்கும் போகும் என்று வார்மிங் கடைசிவரை நம்பினார். அறிவியல் அந்த வழியில் போகவில்லை. ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ரவிச்சரும் மற்றவர்களும் அவரைத் திருத்த முடிந்ததே, அவர் எழுதி வைத்த குறிப்புகள் அத்தனை திட்டமாக இருந்ததால்தான். ஃபெர்ரியே 1973-இல் வார்மிங்கின் 'லாகோவா சாண்டா'வைத் தன் கட்டுரையோடு சேர்த்துப் போர்ச்சுகீசிய மொழியில் மறுபதிப்பாகக் கொண்டுவந்தார். யாருடைய முடிவைத் தன் எடைத்தராசால் கவிழ்த்தாரோ, அவருடைய புத்தகத்தை! நம் லேபில் ரீடிங் ஒத்துவரவில்லை என்றால் பக்கத்துப் பேட்ச் நோட்டைப் பார்த்து மாற்றி எழுதிவிடுகிறோமே, அப்படி வார்மிங் எழுதியிருந்தால் யாரும் எதையும் திருத்தியிருக்க முடியாது. (நான் மாற்றி எழுதியதே இல்லை என்று சொல்லவில்லை.)

இப்போது அந்த நிலம் எப்படி இருக்கிறது? லாகோவா சாண்டாவுக்குப் பக்கத்திலேயே 1984-இல் பெலோ ஹொரிசாண்டே நகரத்தின் சர்வதேச விமான நிலையம் திறக்கப்பட்டது. செராடோவின் நடுவில் தலைநகர் பிரேசிலியா 1960-லேயே எழுந்துவிட்டது. அமில மண்ணுக்குச் சுண்ணாம்பும் மணிச்சத்தும் போட்டால் சோயா விளையும் என்று 1970-களில் கண்டுகொண்டார்கள். இன்று செராடோவில் ஏறத்தாழ பாதி வயலாகவும் மேய்ச்சல் நிலமாகவும் மாறிவிட்டது. அமேசானில் மரம் விழுந்தால் உலகமே சத்தம் போடுகிறது. செராடோவில் உழுதால் யாரும் பெரிதாகக் கேட்பதில்லை. காடு என்றால் அழியும், தரிசு என்றால் 'பயன்படும்'. எழுதுகிற சொல்லில் இருக்கிறது வேலை.

என் ஷீட்டுக்கு வருகிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பனின் சைக்கிளில் அந்த மேட்டுக்கு மறுபடி போனேன். ஸ்டாஃப் இல்லை, லெவல் இல்லை. ஃபீல்டு புக் மட்டும். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஆயா ஒருவரிடம் கேட்டேன். "இதுவா கண்ணு? இது துத்தி. அது கொளுஞ்சி. அதோ மஞ்சளா பூத்திருக்கே, ஆவாரை. இந்த விராலியை ஆடு மோந்துகூடப் பார்க்காது. அந்தாண்ட சூரை, பழம் பழுத்தா பசங்க விடமாட்டாங்க" என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனார். மழைக்கு முன் எது துளிர்க்கும் என்பதுகூட அவருக்குத் தெரிந்திருந்தது. இரண்டு மணி நேரத்தில் பதினேழு பெயர் எழுதினேன். ஏழு செடிக்கு ஆயாவுக்கும் பெயர் தெரியவில்லை. அவற்றைப் படம் வரைந்து வைத்திருக்கிறேன். படம் சுமார்தான்.

மறுநாள் ஷீட்டோடு ஸ்டாஃப் ரூமுக்குப் போனேன். 'தரிசு' என்ற சொல்லை அழித்திருந்தேன். விரிவுரையாளர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வெற்றிடத்தைப் பார்த்தார். "சரி, இப்ப இதுக்கு என்ன சிம்பல் போடப் போறே?" என்றார். லெஜண்ட் பக்கத்தைத் திறந்து மேலிருந்து கீழாகத் தேடினோம், இரண்டு பேரும். பொருத்தமாக ஒன்றும் இல்லை. அந்த இடத்தை அப்படியே விட்டுவிட்டு, பதினேழு பெயரையும் பார்டருக்கு உள்பக்கம் பொடி எழுத்தில் எழுதியிருக்கிறேன். ஷீட்டில் இன்னும் கையெழுத்து வாங்கவில்லை.